ஈரல் பட்டா

வீரணனின் உடம்புக்கு வீரணன் சொந்தக்காரர் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டது.

சொன்ன இடம், பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னல். கையை உள்ளே விட்டார். சுருக்கென்று ஒரு குத்து. பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பெண் குரலில் பேசியது. "வணக்கம். நீங்கள் இந்த உடலின் உரிமையாளர் அல்ல. தயவுசெய்து உரிமையாளரை அழைத்து வரவும்."

"நான் எங்க போயி அழைச்சுட்டு வர்றது?" என்று வீரணன் பெட்டியிடமே கேட்டார்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பெருசு, வீட்ல ஆத்தாவக் கூட்டியாங்க. எங்க வீட்டுலயும் அவதான் ஓனரு" என்றான் ஒருத்தன்.

வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனுசனைக் கண்டால் சந்தேகம், பெட்டியைக் கண்டால் ரெட்டைச் சந்தேகம் என்று காலம் தள்ளியவர் அவர். வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நாளிலேயே தராசை நம்ப மாட்டார். தோளில் ஏற்றிப் பார்த்து எடை சொல்வார். பாதி நேரம் அது தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் தராசுதான் பொய் சொல்கிறது என்பார்.

முன்னே எல்லாவற்றுக்கும் கைரேகை வைத்தார்கள். மூட்டை தூக்குகிறவன் கையிலும் பாத்திரம் தேய்க்கிறவள் கையிலும் ரேகை ஏது? பிறகு முகத்தைக் காட்டச் சொன்னார்கள். எவன் முகத்தை எவன் வேண்டுமானாலும் போனில் செய்துகொள்ளலாம் என்கிற காலம் வந்தது. அப்புறம் வந்ததுதான் இந்த ரத்தப் பெட்டி. அரிசி, பென்சன், பஸ், ஆஸ்பத்திரி, எதற்கும் அதில் கையை விட வேண்டும். பெட்டி யாரைச் சொல்கிறதோ அவர்தான் ஆள்.

வீரணனும், வெளியே காத்திருந்த அவர் பெஞ்சாதி பேச்சியம்மாளும் டாக்டர் பஷீரின் அறைக்கே திரும்பிப் போனார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். விசயத்தைக் கேட்டு டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதத்தான் பயந்தேன் பெரியவரே. உங்க ஈரல்ல ஒரு கிருமி இருக்குன்னு சொன்னேன்ல? மஞ்சக்காமாலக் கிருமியில ஒரு சாதி. முப்பது வருசத்துக்குப் பக்கமா அங்கதான் இருக்கு."

"எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்ல."

"வராது. இவன் சத்தம் காட்டாம குடியிருக்கிறவன்."

"எனக்கு ஈரலும் வலிக்கலையே. பாதம்ல்ல எரியுது? மொழங்காலு மடக்க முடியல. கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. எச்சி ஊற மாட்டேங்குது. குளிருக்குள்ள நின்னா காலு பூரா நாவப்பழக் கலருல புள்ளி புள்ளியா வருது. ஈரல்ல இருக்கிறவன் கால்ல வந்து என்னத்தப் பண்றான்?"

"அவன் பண்ணல. உங்க ஆளுங்க பண்றாங்க."

"எங்க ஆளுகளா?" வீரணன் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னய ஏன் பாக்குற?" என்றாள் பேச்சி.

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவையும் டீ கிளாசையும் எடுத்து வைத்து விளக்கினார். ரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்களாம். வெளி ஆள் வந்தால் அடிப்பார்கள், வீட்டு ஆளை விடுவார்கள். இந்தக் கிருமி நாளுக்கு ஒரு சட்டை மாற்றிக்கொள்கிறவன். காவல்காரன் இன்றைக்குப் பார்த்த சட்டையை நாளைக்குத் தேடுவான், கிடைக்காது.

"முப்பது வருசம் இப்படித் தேடுனா என்னாகும்? காவக்காரன் கிறுக்குப் புடிச்சுப் போனான். அவனை விட்டுட்டு வீட்டு ஆளுங்களயே போட்டு அடிக்கிறான். கண்ணீர் சுரக்கிற எடத்துல அடி, எச்சி சுரக்கிற எடத்துல அடி, மூட்டுல அடி. அடிச்சுப் போட்டதெல்லாம் ரத்தத்துல சகதியா சேருது. குளிர் பட்டா அது ஆறுன ஆட்டுக்கால் சூப்பு மாதிரி உறைஞ்சு சின்னக் குழாய்ங்கள அடைக்குது. கால்ல அடைச்சாப் புள்ளி. நரம்புக்குப் போற குழாய்ல அடைச்சா எரிச்சல். இப்ப சிறுநீரகத்துல அடைக்க ஆரம்பிச்சிருச்சு."

"கடைசியாச் சொன்னீகளே, அதுதான் பெருசு போல."

"அதுதான் பெருசு. இந்த மழைக்காலத்துக்குள்ள மாத்திரை போடலேன்னா ரெண்டு சிறுநீரகமும் போயிரும். அப்புறம் மெசின்ல உக்காரணும். அதுக்கும் எடம் கெடைக்கணும்."

"அப்ப மாத்திரையக் குடுங்க, போறோம்."

"குடுக்கிறது பெட்டி பெரியவரே, நான் இல்ல. பெட்டி காவக்காரனப் பாத்துத்தான் சொல்லும். காவக்காரன் அவன விடுறான், உங்கள அடிக்கிறான். அப்ப பெட்டி கணக்குல யாரு வீட்டுக்காரன்?"

வீரணன் குனிந்து தன் வலது விலாவைத் தடவிப் பார்த்தார். டாக்டர் மெதுவாக, "இது எப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? ரத்தம் ஏத்துனது, பச்சை குத்துனது, ஏதாச்சும்?" என்றார்.

வீரணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இடது மாரில் பச்சை மங்கி, எழுத்து வீங்கி, 'பேச்சி' என்று இருந்தது. கல்யாணமான புதுசில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு வைகைக்கரையில் குத்திக்கொண்டது. முன்னால் நின்ற ஐம்பது பேருக்குக் குத்திய அதே ஊசி.

"உம் பேர எழுதப் போயித்தான் இவன் உள்ள வந்திருக்கான்டி" என்றார்.

"அப்ப நானும் அவனும் ஒரே வாரத்துல குடிவந்தவகளா?" என்றாள் பேச்சி. "அவனுக்கு ஈரலு. எனக்கு அந்த ஓடைக்கரைக் குடிசை. அவன் பொழைக்கத் தெரிஞ்சவன்."

*

உடம்பு யாருக்குச் சொந்தம் என்கிற வழக்குகளைப் பார்க்க ஒரு தனி அலுவலகம் இருந்தது. இது யார் இலாகா என்று ஆரம்பத்தில் பெரிய சண்டை நடந்ததாம். சுகாதாரத்துறை எங்களுக்கு நேரமில்லை என்றது. போலீஸ் இதில் திருட்டு எதுவும் இல்லை என்றது. யார் குடியிருப்பவர், யார் அத்துமீறியவர் என்று பார்த்துப் பழகியவர்கள் வருவாய்த்துறைதானே என்று கடைசியில் அவர்கள் தலையில் கட்டினார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். புறம்போக்கு நிலத்துக்கு வைத்திருந்த விதியை அப்படியே எடுத்து உடம்புக்குப் போட்டார்கள். இருபது வருசம் தடையில்லாமல் குடியிருந்தவனுக்குப் பட்டா.

உடல் தாசில்தார் பெயர் குற்றாலிங்கம். நல்ல மனுசன் மாதிரிதான் பேசினார். அதனாலேயே வீரணன் நம்பவில்லை. அறையில் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேட்டிக்குக் கீழே இரண்டு காலிலும் புள்ளி பூத்துவிட்டது.

"ஐயா, அந்த ஏசிய நிறுத்துனா நல்லாருக்கும். என் ரத்தம் உறையுது."

"அது ஆபீஸ் ஏசி. நிறுத்த தனியா உத்தரவு வாங்கணும்" என்ற தாசில்தார், "சர்வேயர், அளந்துருங்க" என்றார்.

சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். தலையை வடக்கே வைக்கச் சொன்னார்.

"வடக்க தலை வச்சுப் படுக்கிறதா?" பேச்சி பாய்ந்தாள். "உசுரோட இருக்கிற மனுசன என்னன்னு நெனச்ச?"

"அம்மா, எந்த வரைபடமும் வடக்கு மேலதான்மா இருக்கும். தெற்க தலை வச்சா ஈரல் இடம் மாறிரும். அப்புறம் மண்ணீரல்காரன் வந்து கேஸ் போடுவான்."

அளந்தார்கள். நாலெல்லை எழுதினார்கள். மேற்கே விலா எலும்பு. கிழக்கே இரைப்பை. வடக்கே நெஞ்சுக்கூட்டின் அடித்தளம். தெற்கே குடல். இதற்குள்பட்ட ஈரல், அதைச் சார்ந்த ரத்தக்குழாய் பாத்தியங்கள் உட்பட. உரிமையாளர் பெயர்: கிருமி. தகப்பனார் பெயர்: தெரியவில்லை.

"ஈரல மட்டும் அவன் வச்சுக்கிரட்டும்யா" என்றார் வீரணன். "பாக்கி ஒடம்பு எனக்குத்தான? நான் என் வாயில மாத்திரை போடுறேன்."

"வாயில போட்டாலும் அது போய்ச் சேர்ற எடம் அவர் எடம். அவர் சம்மதம் இல்லாம போடுறது அத்துமீறல்."

"அவர்" என்று தாசில்தார் சொன்னதைத்தான் வீரணனால் தாங்க முடியவில்லை. மூட்டை தூக்கிய காலத்தில் தன்னை ஒரு அதிகாரி அவர் என்று சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

*

கிருமிக்கு அரசாங்கம் ஒரு வக்கீலை வைத்தது. எஸ்தர் என்று ஒரு பெண். சின்ன வயசு. ஸ்கூட்டியை ஓடைப் பாலத்தில் நிறுத்திவிட்டு, கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தது.

"கிருமிக்கு வக்கீலா?" என்று வீரணன் கதவிலேயே மறித்தார்.

"பேச முடியாத உரிமையாளருக்கு அரசாங்கம் காப்பாளர் போடும்யா. கைக்குழந்தைக்குப் போடுறாங்க. கோயில் சாமிக்குப் போடுறாங்க. இப்ப இவருக்கு."

"சாமியும் கிருமியும் ஒண்ணா?"

"சட்டத்துல ரெண்டு பேரும் மைனர்."

அந்தப் பெண் உள்ளே வந்து, தன் கட்சிக்காரர் சௌக்கியமாக இருக்கிறாரா என்று விசாரித்தது. வீரணன் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார் என்று கேட்டது. மூலையில் இருந்த குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டது.

"இது கூடாதுய்யா. குடிச்சா ஈரல் கெட்டுப்போகும். அது என் கட்சிக்காரர் குடியிருக்கிற வீடு. திரும்பப் பாத்தா நோட்டீஸ் விடுவேன்."

பேச்சிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "முப்பது வருசமா நான் தொண்டை கிழியக் கத்துனேன்மா. ஒரு பய கேக்கல. கண்ணுக்குத் தெரியாதவன் சொன்னவொடன பாட்டிலு வெளிய போகுது பாரு" என்று சொல்லி அந்தப் பெண்ணுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். கிருமியின் வக்கீலுக்குத் தன் வீட்டில் காபி. வீரணன் பல்லைக் கடித்தார். எச்சில் இல்லாத வாயில் அந்தச் சத்தம் ஓட்டில் கல் உரசுகிற மாதிரி கேட்டது.

காபியைக் குடித்துவிட்டு எஸ்தர் குரலைத் தாழ்த்தியது. "ஐயா, நான் எதிர்க்கட்சி. ஆனா உங்க சிறுநீரக ரிப்போர்ட்டையும் படிச்சேன். நீங்க அப்பீல் பண்ணலாம். எத்தன வருசம் இருந்தாலும் அடுத்தவன் எடத்துல உக்காந்தவனுக்கு உரிமை கெடையாதுன்னு வாதாடலாம். ஜெயிக்க வாய்ப்பு இருக்கு."

"அப்ப அதப் பண்ணிர வேண்டியதுதான்."

"ஒரு சங்கடம். ஒடம்புக்கும் நெலத்துக்கும் இப்ப ஒரே விதி. ஒடம்புல அது ஒடைஞ்சா நெலத்துலயும் ஒடைஞ்சிரும். உங்க வீட்டுப் பட்டா எந்த விதியில வாங்குனீங்க?"

வீரணன் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பட்டாவைத் திரும்பிப் பார்த்தார்.

எந்த விதியில் வாங்கினார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பச்சை குத்திய அதே சித்திரையில், ஓடைக்கரையில் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் போட்டார். கேட்டுக்கொண்டு போடவில்லை. பிடுங்கினார்கள், திரும்ப நட்டார். மறுபடி பிடுங்கினார்கள், மறுபடி நட்டார். அவரைப் பார்த்து அறுபது குடும்பம் நட்டது. இருபது வருசம் தாண்டியதும் ஊர்வலம் போய், மறியல் செய்து, பட்டா வாங்கினார்கள். சத்தம் போட்டது பூராவும் வீரணன்தான். "குடியிருந்தவனுக்குத்தான்டா எடம் சொந்தம்!" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் கத்தியதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

*

மறுநாளே பவுன்ராஜ் வந்துவிட்டான். அடுத்த வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன், தெருவுக்கே தலைவன் மாதிரி. பின்னால் ஒரு கூட்டம். பவுன்ராஜ் கையில் ரோசாப்பூ மாலை.

"யாருக்குடா மாலை?"

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க." பவுன்ராஜ் தலையைச் சொறிந்தான். "அவருக்குத்தான்."

"எவருக்கு?"

பவுன்ராஜ் வீரணனின் வலது விலாவைக் கண்ணால் காட்டினான்.

"அண்ணே, அவரு ஜெயிச்சாத்தான் நாங்க தெருவுல நிக்க மாட்டோம். நீங்க ஜெயிச்சா நம்ம பட்டா பூரா காகிதம். உங்களுக்கு வயசாயிருச்சு, எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள. நீங்க செத்துப் போங்கன்னு சொல்லலண்ணே..."

"பெறகு என்னத்தச் சொல்ல வந்த?"

"அவரு நல்லாருக்கணும்னு சொல்ல வந்தோம்ணே."

மாலையை எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கழுத்தில் போட்டால் அது வீரணனுக்குப் போட்டதாகிவிடும். கடைசியில் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டான். கூட்டத்தில் யாரோ வாழ்க என்றார்கள். யார் பெயரைச் சொல்லி வாழ்க என்பது என்று தெரியாமல் அது பாதியில் நின்றுபோனது.

அவர்கள் போனதும் பேச்சி மாலையை அவிழ்த்தாள். "இந்தப் பயலுகளுக்காகப் பாக்குறியா?"

"அவய்ங்களுக்காக இல்ல. நானே கத்துனது இது. நானே வந்து இல்லன்னு சொல்லணுமாம்."

"வீடு போனாப் போகுதுய்யா."

"போயி? மாத்து எடம்னு ஒண்ணு குடுப்பாய்ங்களே, முப்பது மைலுக்கு அங்கிட்டு, வானத்துல கட்டி வச்சிருக்கானே. உங்க அண்ணன அங்கதான அனுப்புனாய்ங்க? லிப்ட்டு ஓடாது, கொழாயில காத்துதான் வரும். தண்ணிக் கொடம் தூக்கியே ஒரு வருசத்துல செத்தான்ல? அங்க போனவன் எவன்டி பொழைச்சான்..."

பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. மார்க்கெட்டில் முதலாளியை ஏமாற்ற வழி கிடைத்தால் முன்னெல்லாம் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"பேச்சி. பட்டா இருந்தாலும் மாத்து எடம் குடுத்துத் தூக்கலாம்ல?"

*

விசாரணை அன்றைக்கும் ஏசி ஓடியது. வீரணன் இரண்டு கால்களிலும் பேச்சியின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு போனார். பின்வரிசை பூராவும் ஓடைக்கரை ஆட்கள். எதிர்ப்பக்கம் எஸ்தர்.

"அப்பீல்தானே?" என்றார் தாசில்தார் குற்றாலிங்கம். "இவருக்கு உரிமை இல்லைன்னு சொல்றீங்க?"

பின்வரிசையில் பவுன்ராஜ் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டான்.

"இல்லைங்க" என்றார் வீரணன். "அவருக்கு உரிமை இருக்கு. முப்பது வருசம் இருந்திருக்காரு. பட்டா அவருதுதான். நான் மறுக்கல."

பவுன்ராஜ் கையைத் தட்டிவிட்டு, தாசில்தார் முறைத்ததும் நிறுத்தினான்.

"ஆனா ஐயா, அவரு இருக்கிறதால வடிகால் அடைக்குது. என் சிறுநீரகத்துல சகதி சேந்து கெடக்குது. டாக்டரு எழுத்துல குடுத்துருக்காரு. தண்ணி போற வழி அடைஞ்சா மொத்த ஊரும் முழுகிரும். ஊருங்கிறது இங்க என் ஒடம்பு. பொது நன்மைக்காக ஒருத்தர எடம் மாத்தணும்னா அரசாங்கம் மாத்தலாமா, மாத்தக் கூடாதா? பட்டா இருந்தாலும்?"

தாசில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே யாரோ தன்னை வேலைக்கு எடுத்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "மாத்து இடம் குடுத்து மாத்தலாம்."

"குடுங்க. அவருக்கு நல்லதா ஒரு எடம் குடுங்க. அரசாங்கம் குடுக்குற மாத்து எடத்துலயே குடுங்க." வீரணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்குப் போனால் ஒரு மாசம் தாங்க மாட்டான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"காப்பாளர் என்ன சொல்றீங்க?"

எஸ்தர் எழுந்தது. தாசில்தாரைப் பார்க்காமல் வீரணனையே பார்த்தது. "ஐயா, ஒரு நிமிசம் வெளிய வாங்க."

நடையில் ஏசி இல்லை. காலில் ரத்தம் இளகியது.

"இதச் சொல்லாதீங்கய்யா. இப்படி ஒரு தீர்ப்பு இதுவரைக்கும் இல்ல. பட்டா இருந்தாலும் வடிகாலுக்காகத் தூக்கலாம்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க. அது ஒடம்போட நிக்காது. எனக்கு ரெண்டு வாரம் குடுங்க. மேல போயி வேற வழி பாக்குறேன்."

வீரணன் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். சின்னப் பிள்ளை. நல்ல முகம். கிருமியின் வக்கீல்.

"பாப்பா, நான் மார்க்கெட்டுல நாப்பது வருசம் இருந்தவன். எதிராளியோட வக்கீலு நமக்கு நல்லது சொல்லுதுன்னா அதுல எவ்வளவு கழிக்கணும்னு எனக்குத் தெரியும். உம் ஆளு எடத்த விட்டுப் போறான்னு ஒனக்குப் பதறுது. உள்ள போ."

எஸ்தர் கையிலிருந்த ஃபைலை மூடியது. பிறகு, "சரிய்யா. அப்ப என் கட்சிக்காரருக்கு என்ன வாங்கித் தர முடியுமோ அத வாங்கிக்கிறேன். அது என் வேலை" என்று சொல்லி உள்ளே போனது.

அன்றைக்கு எழுதப்பட்ட தீர்ப்பில் ஒரு பக்கம் வீரணன் சொன்னது. மூன்று பக்கம் எஸ்தர் கேட்டது. வீரணன் தன் பக்கத்தை மட்டும் பேச்சியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மற்ற மூன்று பக்கமும் அவனுடைய விசயம்தானே என்று விட்டுவிட்டார்.

*

கிருமியை எடுத்துக்கொண்டு போக ஒரு வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் வீரணன் கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, சீல் வைத்தார்கள். குப்பி ஏறிவிட்டால் உரிமையாளரே இடம் மாறியதாகக் கணக்காம். அது வேனில் ஏறிய பிறகுதான் மாத்திரை கைக்கு வந்தது. ஓடைக்கரை ஆட்கள் வேனுக்குக் கையாட்டினார்கள். பவுன்ராஜ் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் மாத்திரை. டாக்டர் பஷீர் சொன்ன மாதிரியே எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. முழங்கால் மடங்கியது. ஐஸ் தண்ணியில் காலை விட்டுப் பார்த்தார், ஒரு புள்ளி இல்லை. சோற்றைப் பார்த்தால் எச்சில் ஊறியது. ஒரு நாள் ஜன்னலில் கையை விட்டார்.

"வணக்கம் வீரணன்" என்றது பெட்டி. "நீங்களே இந்த உடலின் உரிமையாளர்."

"இத நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்" என்றார். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் பேச்சிக்கு அல்வா வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

தெருமுனையில் சர்வேயர் நின்றார். அதே டேப். ஒரு முனையைப் பவுன்ராஜ் வீட்டுச் சுவரில் வைத்துப் பிடித்திருந்தார்.

"என்னய்யா இங்க? இங்க யாருக்கும் ஈரல் கேஸ் இல்லையே."

"ஓடைய அகலப்படுத்துறாங்க பெரியவரே. வடக்கே பாலம், தெற்கே சுடுகாடு. இதுக்குள்ள எல்லா வீடும்." சர்வேயர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "பட்டா இருக்கே, எப்படித் தூக்குறதுன்னு இத்தன வருசமாத் தெரியாம இருந்தாங்க. இப்ப உங்க தீர்ப்பு வந்துருச்சுல்ல. வடிகாலுக்காகன்னா பட்டா இருந்தாலும் தூக்கலாம். மாத்து எடம் குடுத்துருவாங்க."

வீரணன் கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்தார். வருசக்கணக்கில் வராத ஒன்று கண்ணின் ஓரத்தில் முட்டியது. முதலில் எரிந்தது. அப்புறம் வழிந்தது. பேச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை முந்தியால் துடைத்துவிட்டாள்.

"கண்ணு நல்லாயிருச்சுய்யா" என்றாள்.

*

மாற்று இடம் அவர் நினைத்த மாதிரியேதான் இருந்தது. எட்டாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. குழாயில் காற்று. பாதி நாள் கரண்ட் கிடையாது. பவுன்ராஜ் ஆட்டோவைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினான். வீரணனிடம் பேசவில்லை. அந்த மாடியில் யாருமே பேசவில்லை.

எதிர் வீட்டுக் கதவுக்கு அப்பால் மட்டும் ராத்திரி பகலாக ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. ஊரே இருண்டு கிடக்கும்போதும் அந்தக் கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். சித்திரை வெயிலில் இவர்கள் வேகும்போது அந்தச் சந்திலிருந்து சில்லென்று காற்று கசியும். மாடிப் பிள்ளைகள் மத்தியானம் அங்கே போய்த் தரையில் காலை நீட்டிப் படுத்தார்கள்.

ஒரு நாள் எஸ்தர் அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தது. வீரணனைப் பார்த்து நின்றது.

"இங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"என் கட்சிக்காரர். தீர்ப்புல மூணு பக்கம் கேட்டு வாங்குனேன்ல. இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட்டு, தனி ஜெனரேட்டர், குளிர் அறை, வாரம் ஒருதரம் நான் வந்து பாக்கிறது."

"எங்களுக்கு ஏன் இதெல்லாம் குடுக்கல?"

"நீங்க கேக்கலையேய்யா." அந்தப் பெண் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "உங்களுக்குக் காப்பாளர் இல்ல. நீங்க பேசத் தெரிஞ்சவங்க."

"இப்ப கேட்டா?"

"ரெண்டு வாரம் குடுங்க" என்றது எஸ்தர். ஒரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தது. "அதுவரைக்கும் குடிதண்ணி மட்டும் உள்ள வச்சுக் குளிர வச்சுக்குங்க. பக்கத்து வீட்டுக்காரரா நான் அனுமதி குடுக்குறேன். குப்பியத் தொடக் கூடாது."

அந்தச் சாவியில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று வீரணன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் பேச்சி செம்பில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். பவுன்ராஜின் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றன. வீரணன் எதிர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேட்காமலே வந்து முப்பது வருசம் தன்னிடம் குடியிருந்தவன் வீட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார்.